சதுர அடியும் தண்ணீரும்: மரக்காணம் கரையில் வீடு கட்ட அனுமதி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். மேற்கே திண்டிவனம் நகராட்சி, ரயில் நிலையம், சிப்காட் தொழிற்பூங்கா. கிழக்கே மரக்காணம் பேரூராட்சி, அதைச் சுற்றிலும் உப்பளங்கள், 1998-இல் திறக்கப்பட்டு இப்போது நான்கு வழிச்சாலையாக அகன்று வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை. தெற்கே புதுச்சேரி, அதற்கும் நமக்கும் நடுவே கழுவெளி ஏரி. இப்படி இரண்டு ஊர்களுக்கும் ஒரு பெருஞ்சாலைக்கும் இடையில் அகப்பட்ட கிராமங்களில் நிலத்தின் விதி மாறத் தொடங்கினால் முதலில் முளைப்பவை வீடுகள் இல்லை, மனைகள்தான். வரப்பு அழிந்து செம்மண் சாலை விழுகிறது, மஞ்சள் பூசிய கல் நடப்படுகிறது, நுழைவாயிலில் நகரின் பெயர் எழுதிய வளைவு எழும்புகிறது. வீடு அதற்குப் பத்து ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம்.

ஒரு பகுதியில் குடியிருப்பு வளர்கிறதா என்று அளக்க உலகமெங்கும் கட்டட அனுமதிகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1959 முதல் வீட்டு அனுமதிகளைத் தொகுத்து வருகிறது. அடுத்த ஆண்டு எத்தனை வீடு எழும், எத்தனை மூட்டை சிமெண்ட் போகும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை அந்த எண்ணை வைத்துக் கணிக்கிறார்கள். நம் ஊராட்சிகளுக்கு அப்படி எவரும் எடுத்துப் பார்க்கும்படியான மாதக் கணக்கு இல்லை. இருந்திருந்தாலும், மரக்காணம் வட்டாரத்தில் அது பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கும் என்பது என் எண்ணம். காரணம், இங்கே அனுமதி பெறும் வீடுகள் வேறு, எழும்பும் வீடுகள் வேறு. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. நம் அனுமதித் தாள் சதுர அடியை அளக்கிறது, உயரத்தை அளக்கிறது, பக்கத்து மனைக்கு விட்ட இடைவெளியை அளக்கிறது. இந்தக் கரையில் ஒரு வீட்டின் ஆயுளை உண்மையில் முடிவு செய்கிற இரண்டை மட்டும் அது கேட்பதே இல்லை: மழைநீர் எங்கே போய் நிற்கும், மண்ணில் எவ்வளவு உப்பு இருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஊராட்சியில் வீடு கட்ட யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டால், ‘பிரசிடெண்ட் கிட்டதான்’ என்று எவரும் சொல்வார்கள். அது பெருமளவு சரி. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சித் தலைவரே செயல் அலுவலர். 1997-இல் வந்த ஊராட்சிக் கட்டட விதிகள் சிறு வீடுகளுக்கான அனுமதியை அவர் கையில் கொடுத்தன. பெரிய கட்டடமும் மனைப்பிரிவும் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் பார்வைக்குப் போக வேண்டும். மக்கள் வாயில் ‘டிடிசிபி’ என்று புழங்குவது அதுதான். மாநகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு ஒரு விதி என்று சிதறிக் கிடந்ததை 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒன்றாக்கின. அதன்பின் உள்ளாட்சிகளே பத்தாயிரம் சதுர அடி, எட்டுக் குடியிருப்புகள் வரையிலான கட்டடங்களுக்கு அனுமதி தர அதிகாரம் பெற்றன. சாதாரணக் குடும்பம் கட்டும் எந்த வீடும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

2024 ஜூலை 22 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த சுயசான்றிதழ் முறை இன்னொரு படி மேலே போயிற்று. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமுமாக ஏழு மீட்டர் உயரத்துக்குள் வீடு கட்டுகிறவர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, எல்லாம் உண்மை என்று தாமே உறுதி கூறினால் அனுமதி உடனே கிடைத்துவிடும். பரிசீலனைக் கட்டணம் இல்லை, கட்டி முடித்த பின் முடிவுச் சான்றும் வாங்க வேண்டியதில்லை.

இந்த முறையை நான் வரவேற்கிறேன். வீடு கட்டுகிற குடும்பம் ஒரு கையெழுத்துக்காக ஒன்றிய அலுவலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் அலைவது எத்தனை பெரிய செலவு என்பது அலைந்தவருக்குத் தெரியும். நகைக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவார், ஐப்பசி மழை வந்துவிடும். அந்த அலைச்சலை ஒழித்தது நல்ல காரியம். ஆனால் பரிசீலனை என்ற ஒன்றே இல்லாமல் போகும்போது, இதுவரை ஓரளவாவது நடந்துவந்த இட ஆய்வும் போய்விடுகிறது. சென்னையிலோ வேலூரிலோ இருந்து மனை வாங்கியவர், கோடையில் காய்ந்து கிடக்கும் நிலத்தைப் பார்த்துவிட்டு, நீர்நிலையோ வாய்க்காலோ இல்லை என்று மனதார உறுதி கூறலாம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

மனைப்பிரிவு விஷயத்துக்கு வருவோம். இந்த வட்டாரத்தின் வளர்ச்சி வரலாறு உண்மையில் அங்கேதான் இருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழகம் முழுக்கவே ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் மந்திரம்போல ஓதப்பட்டது. விளைநிலத்தை வாங்கி, கல் நட்டு, ஊராட்சித் தலைவரின் முத்திரை பதித்த வரைபடம் ஒன்றைக் காட்டி, தவணை முறையில் மனை விற்றார்கள். மாதம் ஆயிரம் ரூபாய், தங்கக் காசு, ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியம் பிரியாணி. மனைப்பிரிவுக்கு ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும், தலைவரின் முத்திரை மட்டும் போதாது என்பதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. பத்திரப்பதிவு அலுவலகமும் கேட்காமல் பதிந்து கொடுத்தது. அரசே முத்திரைத் தீர்வை வாங்கிக்கொண்டு பதிந்த ஒன்றை, அரசே பிறகு அங்கீகாரம் இல்லாதது என்று சொன்னபோது ஏழைக் குடும்பங்கள் அடைந்த திகைப்பை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலங்கள் திட்டமின்றி மனைகளாவதை எதிர்த்து வந்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. ஒரே நாளில் மாநிலத்தின் மனைச் சந்தை நின்றுபோனது. 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளும் விற்ற மனைகளும் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்றது. அதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு ஆகியவற்றில் விழுந்த மனைகளுக்கு வரன்முறை கிடையாது என்றும் விதி சொல்கிறது. அதே ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் தமிழகத்தில் வந்தது. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவுகள் அதில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது.

ஊரமைப்புத் திட்டம் வகுக்கப்படாத பகுதியில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி முன்ஒப்புதல் தேவை. நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். மூவாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனிக் கோப்பாகத்தான் மேசைக்கு வருகிறது. ஒரு கோப்பில் சாலை அகலம் சரி, பூங்கா ஒதுக்கீடு சரி. அடுத்த கோப்பிலும் சரி. பத்துக் கோப்பும் சேர்ந்து ஓர் ஏரியின் வரத்துப் பகுதி முழுவதையும் மேடாக்கிவிட்டன என்பதைப் பார்க்கும் மேசை எது? அப்படி ஒரு மேசை இல்லை. ஓர் ஊரை முழுதாகப் பார்த்து, இந்தத் திசையில் வீடு, இந்தத் திசையில் வயல், இந்தப் பள்ளத்தில் எதுவும் கூடாது என்று சொல்லும் திட்டம் இந்த வட்டாரத்து ஊராட்சிகளுக்கு முதலில் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னரே கல் நட்டாயிற்று.

மனை வாங்குகிறவர்களுக்கு நடுவே ஒரு வார்த்தை. பிரம்மதேசம் என்ற பெயரில் தமிழகத்தில் பல ஊர்கள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரத்துக்கு அருகில் சோழர் காலக் கோயில்களோடு இன்னொரு பிரம்மதேசம் இருக்கிறது. செய்யாறு பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று. வில்லங்கச் சான்று எடுக்கும்போதும் பட்டா பார்க்கும்போதும் வட்டமும் சர்வே எண்ணும் பொருந்துகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அனுமதிக் கணக்கில் வராத வீடுகள். கிராமத்தின் பழைய குடியிருப்பு நத்தத்தில் இருக்கிறது. அங்கே அப்பா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மகன் தளம் ஒட்டுகிறான். அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுச்சுவர் வைக்கிறார்கள். வெளிநாடு போன பிள்ளை அனுப்பும் பணத்தில் மொட்டை மாடிமேல் ஓர் அறை எழும்புகிறது. இவற்றில் பலவற்றுக்கு எவரும் வரைபடம் கொடுப்பதில்லை. வீட்டு வரியில்தான் பிறகு பெயர் ஏறும். வங்கிக் கடன் தேவைப்படும்போது மட்டுமே அனுமதி நினைவுக்கு வருகிறது. கடன் வாங்காமல் சீட்டுப் பணத்திலும் நகை விற்ற பணத்திலும் கட்டுகிறவர் வீடு அனுமதிக் கணக்கில் தென்படாது.

இன்னொரு பெரும் பங்கு அரசு கட்டித்தரும் வீடுகள். குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011-இல் ஆட்சி மாறியபின் முந்நூறு சதுர அடியில் சூரிய ஒளி விளக்கோடு பசுமை வீடுகள் வந்தன, ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு அறுபதாயிரம் வீடு. ஒன்றிய அரசின் இந்திரா நினைவுக் குடியிருப்பும் அதன் வாரிசான பிரதமர் வீட்டு வசதித் திட்டமும் ஊடே நடந்தன. 2024-25-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறது. 2030-க்குள் எட்டு லட்சம் வீடு கட்டிக் குடிசையில்லாத் தமிழகம் காண்பது அதன் குறிக்கோள். உப்பளத் தொழிலாளி, மீனவர், சவுக்குத் தோப்பில் கூலிக்குப் போகிறவர் ஆகியோருக்கு இந்தத் திட்டங்கள் இல்லாமல் கான்கிரீட் கூரை என்பது கனவாகவே போயிருக்கும். இதைச் சொல்லாமல் விடுவது நன்றி மறப்பதாகும்.

இங்கும் ஒரு முள் உண்டு. இத்தகைய திட்டத்துக்குச் சொந்த இடமும் பட்டாவும் வேண்டும். தலைமுறையாகப் புறம்போக்கில் குடியிருப்பவரிடம் அது இல்லை. சாலையோரம் வெளியூர்க்காரர் வாங்கிப் போட்டிருக்கும் மனைகள் வேலியோடு காலியாகக் கிடக்க, அதே ஊரில் பிறந்தவர் பட்டா இல்லாத காரணத்தால் வீட்டுத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். மனை ஏராளம், வீட்டுக்கு இடம் இல்லை. ஒரே ஊராட்சியில் இரண்டும் உண்மையாக இருப்பதை எந்த வளர்ச்சிக் கணக்கும் காட்டாது.

இந்தக் கரையின் மூல விஷயம் தண்ணீர். கழுவெளி தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பரந்த அதன் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. சுற்று வட்டாரத்து ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து, கடைசியில் கழுவெளியில் சேரும். அங்கிருந்து ஒடுங்கிய ஓடை வழியே எடையன்திட்டு முகத்துவாரத்தை எட்டிக் கடலில் கலக்கும். நிலத்தின் சரிவு மிகக் குறைவு. அதனால் தண்ணீர் இங்கே ஓடுவதைவிட நிற்பதே அதிகம். கடல் ஏற்றத்தின்போது வெளியேறும் வழி இன்னும் மந்தமாகும். மேட்டு நிலத்துக்காரருக்கு இரண்டு நாளில் வடியும் வெள்ளம் இங்கே வாரக்கணக்கில் நிற்கக்கூடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையேறிய பிறகும் நகராமல் நின்று கொட்டியது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் பக்கத்து ஒன்றியமான மயிலத்தில் 51 செ.மீ. பதிவானது. மரக்காணத்து உப்பளங்கள் குளமாயின. அந்த மழையில் எந்த மனைப்பிரிவு எத்தனை அடி தண்ணீரில் நின்றது என்று ஒரு வரைபடம் எடுத்திருந்தால், அடுத்த ஐம்பது ஆண்டுக்கு அதைவிடச் சிறந்த திட்டமிடல் ஆவணம் வேறு தேவைப்பட்டிருக்காது. ஊர்க்காரர்கள் நினைவில் அந்த மட்டம் இன்னும் இருக்கிறது. எந்தத் தெருவில் முழங்கால், எந்த வயலில் இடுப்பு என்று அவர்களால் கைகாட்ட முடியும். வீட்டின் பேஸ்மட்டம் எத்தனை அடி எழும்ப வேண்டும் என்பதற்கு அந்த நினைவுதான் அளவுகோல். அனுமதி வரைபடத்தில் பேஸ்மட்ட உயரம் ஓர் எண்ணாக இருக்கும். அது சாலை மட்டத்திலிருந்து எடுத்த எண். சாலையே பள்ளத்தில் போட்டதாக இருந்தால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

இங்கே சென்னையின் பள்ளிக்கரணையை நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் விரிந்திருந்த அந்தச் சதுப்புநிலம் குப்பைக் கிடங்குக்கும் சாலைக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு பங்குக்கும் ஏதோ ஒரு துறையின் அனுமதி இருந்தது. 2015 டிசம்பரில் வேளச்சேரியும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் மூழ்கின. 2022-இல் எஞ்சிய பகுதி ராம்சர் தலமானது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்றது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு அங்கே வீடு வாங்கியவர்களும், அனுமதிக்குக் காத்திருந்தவர்களும் பதறினார்கள். கழுவெளியும் இன்று அதே ராம்சர் பட்டியலில் இருக்கிறது. அதன் ஓரத்தில் இன்று மனை விற்கிறவர்கள் நாளை வரக்கூடிய இத்தகைய உத்தரவைப் பற்றி வாங்குகிறவரிடம் சொல்லுவார்களா? பள்ளிக்கரணையில் எல்லாம் கட்டிய பிறகு எல்லை தேடினார்கள். கழுவெளியைச் சுற்றி இன்னும் பெரும்பாலும் வயலும் தோப்புமாகத்தான் இருக்கிறது. எல்லை வகுக்க இதுவே நேரம்.

கடற்கரைக் குப்பங்களுக்கு இன்னொரு சட்டம். 1991 பிப்ரவரியில் முதலில் வந்து, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைப் பொதுவாகத் தடுத்தது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மீனவருக்குக் கடலை ஒட்டி இருந்தால்தான் பிழைப்பு. படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும். சுனாமியில் கூரை இழந்து, தானே புயலில் மறுபடி இழந்தவர்கள் தம் வீட்டைத் திருத்திக் கட்ட அனுமதி கேட்டு அலையும்போது, சற்றுத் தள்ளிச் சொகுசு விடுதிச் சுவர்கள் எழுவதைப் பார்க்கிறார்கள். எல்லைத் தளர்வால் பயன்பெறப் போவது குப்பத்து வீடா, விடுதியா என்ற அவர்களுடைய ஐயம் நியாயமானது.

தண்ணீருக்கு அடுத்தது உப்பு. தூத்துக்குடி, வேதாரண்யம் போலவே மரக்காணமும் உப்பின் ஊர். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்திகள், தை மாசியில் தொடங்கி மழைக்காலம் வரை உப்பு வாரும் வேலை. உப்பு விளைய உகந்த மண்ணும் காற்றும் வெயிலும் கான்கிரீட்டுக்குப் பகை. இந்தப் பக்கம் பதினைந்து, இருபது ஆண்டு வயதான எந்த வீட்டின் உட்கூரையையும் அண்ணாந்து பாருங்கள். பூச்சு பொரிந்திருக்கும், கீற்றுக் கீற்றாக விரிசல், அதன் வழியே செந்துரு ஒழுகிய கோடு. சில இடங்களில் கான்கிரீட் சில்லு சில்லாக விழுந்து கம்பி வெளியே தொங்கும். அரசு கட்டித்தந்த சிறு வீடுகளிலும் இதைக் காணலாம்.

நடப்பது என்ன? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமெண்டின் காரத்தன்மை துருவிலிருந்து காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தக் காப்பைக் கரைத்துவிடும். துருவேறிய இரும்பு தன் பழைய பருமனைவிடப் பன்மடங்கு வீங்கும். வீங்கும் கம்பி வெளியே உள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே மேலும் உப்புக் காற்று போகும். உப்பு மூன்று வழியில் உள்ளே நுழைகிறது: காற்றோடு, நிலத்தடி ஈரத்தோடு, எல்லாவற்றையும்விட மோசமாகக் கலவைக்கு ஊற்றும் போர் தண்ணீரோடு. மூன்றாவது வழி நம் கையால் நாமே திறந்துவிடுவது.

இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான விதி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்-30 கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை வேண்டும் என்கிறது. ஊரில் நடப்பது என்ன? ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று சட்டியால் அளந்து போடும் கலவை. அது எம்-15 தாண்டாது. கவர் பிளாக் இருபது மில்லிமீட்டர், சில இடங்களில் ஜல்லியையே கம்பிக்கு அடியில் செருகிவிடுகிறார்கள். கலவை இறுகியிருந்தால் தள்ளச் சிரமம் என்று இன்னொரு குடம் தண்ணீர். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் உள்நாட்டில் கற்ற தொழிலை இங்கே செய்கிறார், அங்கே அது நிற்கிறது. இந்த மண் வேறு என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் அனுமதி கொடுத்தவர்.

இதனால் செலவு பெரிதாக ஏறிவிடாது. உறையை இரண்டு மடங்காக்க ஆகும் கூடுதல் கான்கிரீட் ஒரு சிறு வீட்டில் மொத்தச் செலவில் மிகச் சொற்பம். கசடு கலந்த சிமெண்ட் உப்பை நன்றாகத் தாங்கும், அதன் விலையும் அதிகமில்லை. கடைக்கால் வேலைக்கும் தளம் ஒட்டும் நாளுக்கும் நல்ல தண்ணீர் லாரி ஒன்று வரவழைப்பது பிறகு கூரையை இடித்துக் கட்டுவதைவிட எத்தனையோ மலிவு. மழைநீர்ச் சேகரிப்பை 2003 முதல் தமிழகம் கட்டாயமாக்கியிருக்கிறது. உவர் நீர் மேலேறும் கரைகளில் அது பெயருக்குத் தோண்டும் குழி ஆகக் கூடாது. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தால் குடிக்கவும் உதவும், அடுத்த வீட்டைக் கட்டவும் உதவும். கனவு இல்லத் திட்டத்தில் உள்நாட்டு ஊருக்கும் உப்பளத்து ஊருக்கும் ஒரே தொகை கொடுப்பது சமத்துவம்போலத் தோன்றும். கடலோர ஒன்றியங்களுக்குச் சிறிது கூடுதல் தொகையும் உறை அளவு குறித்த கட்டாயமும் சேர்த்தால் அந்த வீடு பயனாளியின் பேரன் காலம்வரை நிற்கும். இல்லாவிட்டால் இருபது ஆண்டில் இன்னொரு திட்டத்தில் அதே குடும்பத்துக்கு இன்னொரு வீடு கட்ட வேண்டி வரும்.

உப்பளத்தின் எதிர்காலமும் இதோடு சேர்ந்ததுதான். பாத்தி வேலை ஆண்டு முழுக்கக் கிடையாது. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளருக்கு அரசு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் தருகிறது, அது போதாது. அந்த மாதங்களில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பலர். ஆகவே வீடு கட்டும் தொழில் வளர்வது அவர்களுக்குப் பிழைப்பு. ஆனால் கட்டடம் வளர்ந்து வரத்துக் கால்வாய்கள் அடைபட்டால், நிற்கும் வெள்ளம் பாத்திகளில் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பும், உப்பு எடுக்கும் பருவம் சுருங்கும். வீடு வேண்டாம் என்று இந்த மக்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சென்னையில் வாடகை கொடுத்து மாளாதவர், திண்டிவனத்துத் தொழிற்பூங்காவில் வேலைக்கு வருகிறவர், குடிசையிலிருந்து எழ விரும்புகிறவர் எல்லோருக்கும் வீடு வேண்டும். வளர்ச்சியை நிறுத்துவதைப் பற்றிய பேச்சு இல்லை இது. எந்த இடத்தில், எந்த மட்டத்தில், எந்தக் கலவையில் என்ற மூன்றையும் அனுமதியின் பகுதியாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சுயசான்றிதழ் இணையதளத்தில், மரக்காணம், வானூர் வட்டங்களின் சர்வே எண்ணைப் போட்டதும் அந்த நிலம் ஏரி வரத்திலோ கழுவெளியின் வெள்ளப் பரப்பிலோ கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திலோ வருகிறதா என்று எச்சரிக்கை காட்டும்படி செய்ய முடியும். நில அளவைத் துறையின் புல வரைபடமும் நீர்வளத் துறையின் ஏரிக் கணக்கும் அரசிடமே இருக்கின்றன. இரண்டையும் ஒரே திரையில் சேர்ப்பதுதான் மீதி வேலை. அனுமதித் தாளின் பின்பக்கத்தில் இந்த ஊருக்கான கலவை விகிதம், உறை அளவு, தண்ணீர்ச் சோதனை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் வீட்டுக்காரர் அதைக் கொத்தனாரிடம் காட்டுவார். மண், தண்ணீர் மாதிரியைச் சோதித்துத் தர ஒன்றியத்துக்கு ஒரு சிறு கூடம் போதும்.

எஞ்சியது ஊர் செய்ய வேண்டியது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மார்ச் 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் நாளுக்கென்றே ஒன்று இருக்கிறது. தங்கள் ஊராட்சிக்கு வந்திருக்கும் மனைப்பிரிவு விண்ணப்பங்கள் எவை, சர்வே எண்கள் என்ன, எந்த வாய்க்கால் அந்த நிலத்தின் வழியே போகிறது என்பதை அந்தக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்க ஊர்மக்களுக்கு முழு உரிமை உண்டு. ஃபெஞ்சல் தண்ணீர் நின்ற மட்டத்தை ஊர்ப் பெரியவர்கள் காட்ட, இளைஞர்கள் தெருவுக்குத் தெரு சுவரில் வண்ணக்கோடு போட்டுக் குறித்து வைக்கட்டும். அந்தக் குறியீடுகளைத் தீர்மானமாக எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் விழுப்புரத்து ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பிரம்மதேசம் தொடங்கிக் கழுவெளிக் கரையின் எல்லா ஊராட்சிகளும் வரும் தண்ணீர் நாள் கிராம சபையிலேயே இதைச் செய்ய வேண்டும்.